நேர்வழியில் போகாத நாவலை வாசிப்பது எப்படி: புதிதாக வருகிறவர்களுக்கு

நாவல்தானே என்று திறந்தால் முதல் பக்கத்தில் ஒரு தந்தி, அடுத்ததில் யாரோ யாருக்கோ எழுதிய கடிதம், அதற்குக் கீழே பொடி எழுத்தில் அரைப் பக்கத்துக்கு அடிக்குறிப்பு, கொஞ்சம் தள்ளிப் போனால் ஒரு பக்கத்தில் நாலே நாலு வார்த்தை. இப்படிப்பட்ட புத்தகத்தை நண்பர் யாராவது ஆகா ஓகோ என்று புகழ்ந்து கையில் கொடுத்திருப்பார், நீங்களும் இருபது முப்பது பக்கம் போய்ப் பார்த்துவிட்டு மூடி வைத்திருப்பீர்கள். இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். கோட்பாடு எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். பின்நவீனத்துவம் என்ற சொல்லை ஒருமுறைகூட நினைக்காமலே இந்த நாவல்களை நன்றாக வாசிக்கலாம், சொல்லப்போனால் முதல் தடவை அப்படி வாசிப்பதுதான் நல்லது.

இந்த விளையாட்டு நேற்று முளைத்ததும் இல்லை. லாரன்ஸ் ஸ்டெர்ன் 1759 முதல் 1767 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட 'டிரிஸ்ட்ராம் ஷாண்டி'யில் ஒரு பாத்திரம் இறந்ததும் பக்கம் முழுக்கக் கறுப்பாக வரும். இன்னோரிடத்தில் ஒரு பெண்ணின் அழகை வர்ணிக்க வேண்டிய கட்டம் வந்ததும் ஆசிரியர் வெற்றுப் பக்கத்தை விட்டு, உங்கள் மனதுக்குப் பிடித்த மாதிரி நீங்களே வரைந்துகொள்ளுங்கள் என்று நழுவிவிடுவார். அதற்கும் முன்னால், 1740இல், சாமுவேல் ரிச்சர்ட்சன் 'பமேலா'வைக் கடிதங்களாகவே எழுதினார். தமிழில் மறைமலையடிகளின் 'கோகிலாம்பாள் கடிதங்கள்' இருக்கிறது. அந்தக் காலத்து வாசகர்கள் எந்தப் பயிற்சியும் இல்லாமல் இவற்றைப் பொழுதுபோக்காகவே வாசித்தார்கள்.

வழக்கமான நாவலில் கதைசொல்லி எங்கிருந்து பேசுகிறார் என்று நாம் கேட்பதில்லை, அவருக்கு எல்லாம் தெரியும், அவ்வளவுதான். வடிவம் மாறிய நாவலில் அந்த ஆள் போய்விடுகிறார். அவருடைய இடத்தில் கடிதமோ, அகராதிப் பதிவோ, உரைக்குறிப்போ, ஓரத்தில் கிறுக்கியதோ இருக்கிறது. அப்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தத் தாள் இங்கே எப்படி வந்து சேர்ந்தது? யார் எழுதினார், யார் படிக்க எழுதினார், எழுதும்போது அவருக்கு என்ன தெரியும், இதைக் கொண்டுவந்து இந்த இடத்தில் வைத்தவர் யார். பெரும்பாலும் கதையின் பாதி அந்தக் கடைசிக் கேள்வியில்தான் இருக்கும். 'இதன் உள்ளர்த்தம் என்ன' என்று மண்டையைக் குடைந்துகொள்வதை விட்டுவிட்டு, ஒவ்வொரு முறை பக்கத்தின் தோற்றம் மாறும்போதும் இதைக் கேட்டுக்கொண்டால் போதும்.

வாசிக்கும் முன் புரட்டுங்கள்

முதல் வேலை, வாசிக்காமல் இருப்பது. பத்து நிமிடம் புத்தகத்தைச் சும்மா புரட்டுங்கள். பொருளடக்கம் இருக்கிறதா, இருந்தால் அத்தியாய எண்கள் ஒழுங்காக ஏறுகின்றனவா, கடைசியில் பின்னிணைப்போ சொல்லடைவோ (எந்தப் பெயர் எங்கே வருகிறது என்ற பட்டியல்) இருக்கிறதா, எழுத்துரு எங்கெல்லாம் மாறுகிறது, வண்ண எழுத்து உண்டா, 'வாசகருக்கு' என்று ஏதாவது அறிவுறுத்தல் பக்கம் இருக்கிறதா. வேறு நாவலில் கடைசிப் பக்கத்தை முன்கூட்டிப் பார்ப்பது பாவம். இதில் பின்பகுதி எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்வது அவசியம். வரிகளை வாசிக்க வேண்டாம், பக்கங்களின் உருவத்தைப் பார்த்தால் போதும்.

முன்னுரையில் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. அதன் அடியில் யார் கையெழுத்திட்டிருக்கிறார் என்று பாருங்கள். விமர்சகரோ பேராசிரியரோ எழுதிய முன்னுரை என்றால் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் முடிவைச் சொல்லிவிடுவார்கள், அதுவும் நாலாவது பத்தியிலேயே சொல்லிவிடுவார்கள். ஆனால் அட்டையிலும் உள்பக்கத்திலும் எங்கும் இல்லாத ஏதோ ஒரு பெயர் முன்னுரையில் கையெழுத்திட்டிருந்தால் அது பாத்திரம். நாவல் அங்கேயே தொடங்கிவிட்டது. நபக்கோவின் 'பேல் ஃபயர்' நாவலில் முன்னுரை எழுதும் சார்லஸ் கின்போட் அப்படிப்பட்ட ஆள். அந்த முன்னுரையைத் தாண்டிப் போகிறவர் முதல் அத்தியாயத்தையே தாண்டிப் போகிறார்.

எந்தப் பிரதி வாங்குவது

கடிதங்களாலும் நாட்குறிப்புகளாலும் ஆன நாவலை மின்னூலில் தாராளமாக வாசிக்கலாம். அடிக்குறிப்பு அதிகமுள்ள நாவலுக்கும் மின்னூல் ஒருவகையில் வசதிதான், தொட்டால் குறிப்பு வந்துவிடுகிறது, ஆனால் அந்தக் குறிப்பு மூன்று வரியா பத்துப் பக்கமா என்று முன்கூட்டித் தெரியாது. பக்கத்தின் அமைப்பே கதையாக இருக்கும் நாவல்களுக்குத் திரை உதவாது. 2013இல் டக் டார்ஸ்டும் ஜே. ஜே. ஆப்ரம்ஸும் சேர்ந்து கொண்டுவந்த 'எஸ்.' பழைய நூலகப் புத்தகம் போலவே அச்சடிக்கப்பட்டது. ஓரங்களில் இரண்டு பேர் மாறி மாறி எழுதிக்கொண்ட குறிப்புகள், பக்கங்களுக்கு இடையில் செருகிய அஞ்சலட்டைகள், கடிதங்கள், காகிதக் கைக்குட்டையில் வரைந்த வரைபடம் எல்லாம் உண்டு. இதைக் காகிதத்தில்தான் வாசிக்க வேண்டும், பழைய பிரதி வாங்கினால் செருகல்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்து வாங்க வேண்டும். படுத்துக்கொண்டு வாசிக்கிறவர்களுக்கு இன்னொரு யோசனை: ஒவ்வொரு செருகலின் பின்னாலும் அது இருந்த பக்க எண்ணை ஒரு சின்ன ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். ஒருமுறை மொத்தமும் கீழே கொட்டினால் எது எங்கே இருந்தது என்று கண்டுபிடிப்பதற்குள் நாவல் மறந்துபோகும்.

ஒலிநூலை ஒரேயடியாக ஒதுக்காதீர்கள். ஜார்ஜ் சாண்டர்ஸின் 'லிங்கன் இன் தி பார்டோ' (2017) முழுக்கவும் பல குரல்களாலும் புத்தக மேற்கோள்களாலும் ஆனது. அதன் ஒலிநூலில் 166 பேர் குரல் கொடுத்திருக்கிறார்கள். அச்சில் வாசிப்பவருக்கு இதில் ஒரு சின்னத் தொல்லை உண்டு: பேசியவர் பெயர் பேச்சுக்கு மேலே வராது, முடிந்த பிறகு கீழேதான் வரும். எனவே முதல் சில அத்தியாயங்களுக்கு ஒவ்வொரு பேச்சையும் தொடங்கும் முன் கண்ணைக் கீழே இறக்கிப் பெயரைப் பார்த்துவிட்டு மேலே வாருங்கள். கொஞ்ச நேரத்தில் குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள், அப்புறம் பெயர் தேவைப்படாது. அதில் வரும் வரலாற்று மேற்கோள்களில் சில உண்மையான புத்தகங்களிலிருந்து எடுத்தவை, சில ஆசிரியரே கற்பித்தவை. எது எது என்று சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கடிதமும் நாட்குறிப்பும்

தொடக்கத்துக்கு இந்த வகைதான் ஏற்றது, எனவே இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) எல்லோருக்கும் பெயரளவில் தெரியும், ஆனால் படம் பார்த்தவர்களுக்கு அது முழுக்க முழுக்க நாட்குறிப்புகள், கடிதங்கள், தந்திகள், பத்திரிகைச் செய்திகளால் ஆனது என்று தெரியாது.

நான்காம் அத்தியாயம் ஜானதன் ஹார்க்கரின் நாட்குறிப்பில் ஜூன் 30ஆம் தேதியோடு, அவன் உயிரோடு தப்புவானா என்ற இடத்தில் நிற்கிறது. அடுத்த அத்தியாயம் அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட மினா தன் தோழி லூசிக்கு எழுதும் கடிதத்தோடு தொடங்குகிறது. தேதியைப் பாருங்கள்: மே 9. அதாவது கதை ஏழு வாரத்துக்கு மேல் பின்னால் போய்விட்டது. அந்தக் கடிதத்தில் மினா, ஜானதனிடமிருந்து அவசரமாக எழுதிய சில வரிகள் வந்தன, நன்றாக இருக்கிறார், ஒரு வாரத்தில் திரும்பி வருவார் என்று சந்தோஷமாக எழுதுகிறாள். ஆனால் மே 8ஆம் தேதிக் குறிப்பிலேயே தான் டிராகுலாவின் கோட்டையில் கைதி என்பதை அவன் உணர்ந்து எழுதிவிட்டான், நாம் அதை வாசித்தும் விட்டோம். தேதியைக் கவனிக்காமல் போனால் ஐந்தாம் அத்தியாயம் இரண்டு பெண்களின் அரட்டையாகத் தெரியும், சலிப்பாகக்கூட இருக்கும். கவனித்தால் ஒவ்வொரு வரியும் வயிற்றைப் பிசையும். எனவே இந்த வகைக்கு முதல் விதி: ஒவ்வொரு தாளின் தலைப்பையும் தேதியையும் இரண்டு முறை வாசியுங்கள். பலரும் அதை அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள்.

இன்னும் ஓர் இடம் சொல்கிறேன், வடிவம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. டிராகுலா இங்கிலாந்துக்கு வரும் கப்பலில் என்ன நடந்தது என்பது ஏழாம் அத்தியாயத்தில் வருகிறது. அதை நமக்குச் சொல்வது யார் என்று அடுக்கைப் பிரித்துப் பாருங்கள். கப்பல் தலைவர் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ரஷ்யத் தூதரகத்தின் எழுத்தர் ஒருவர் அதை மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல ஒரு நிருபர் எழுதிக்கொள்கிறார். அவர் கப்பல் ஓட்டுவது பற்றிய நுட்ப விவரங்களை விட்டுவிட்டதாகவும் சொல்கிறார். அது ஆகஸ்ட் 8ஆம் தேதியிட்ட பத்திரிகைச் செய்தியாக வருகிறது. அந்தச் செய்தியைக் கத்தரித்து மினா தன் நாட்குறிப்பில் ஒட்டி வைத்திருக்கிறாள், அவள் நாட்குறிப்பைத்தான் நாம் வாசிக்கிறோம். ஒரே சம்பவம், நாலு கை மாறி வருகிறது, அந்த நாலு பேரில் ஒருவருக்கும் கப்பலில் இருந்தது என்ன என்று தெரியாது. நமக்கு மட்டும் தெரியும். இதை எல்லாம் அறிந்த கதைசொல்லி ஒருவர் நேராகச் சொல்லியிருந்தால் அந்தப் பயம் வந்திருக்காது.

பிறகு மினாதான் எல்லாத் தாள்களையும் தட்டச்சு செய்து வரிசைப்படுத்துகிறாள், டாக்டர் செவார்ட் ஃபோனோகிராஃபில் பேசிப் பதிந்து வைத்திருந்த நாட்குறிப்பையும் சேர்த்து. நம் கையில் இருக்கும் புத்தகம் டிராகுலாவை வேட்டையாட மினாவும் நண்பர்களும் தயாரித்துக்கொண்ட கோப்பு. எல்லோருடைய நாட்குறிப்பும் அதில் உண்டு, டிராகுலாவின் நாட்குறிப்பு கிடையாது. இங்கிருந்து இரண்டாம் விதி: யாருடைய தாள் இல்லை என்று பாருங்கள்.

தமிழில் இதைப் பழகிப் பார்க்க சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' (1981) இருக்கிறது. ஜோசப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளனைப் பற்றி பாலு என்பவன் எழுதும் வாழ்க்கைக் குறிப்பு போல ஒரு பாதி, ஜே.ஜே.யின் நாட்குறிப்பு இன்னொரு பாதி. பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு 1960 ஜனவரி 4 அன்று விபத்தில் இறந்தது உண்மை. மறுநாள் ஜே.ஜே. இறந்ததாக நாவல் தொடங்குகிறது, ஜே.ஜே. என்று ஒருவர் இருந்ததே இல்லை. உண்மைத் தேதியோடு கற்பனை ஆளை இப்படி முடிச்சுப் போடுவதால் அவர் நிஜமாகவே இருந்தவர் என்று நம்பியவர்கள் உண்டு. வாசிக்கும்போது நீங்களும் தாராளமாக நம்புங்கள், அதுதான் அதன் ருசி. ஆனால் முதல் பாதியை வாசிக்கும்போது இது பாலு பார்த்த ஜே.ஜே. என்பதையும், மலையாளத்தில் எழுதுகிறவனின் நாட்குறிப்பு நம் கைக்குத் தமிழில் வருகிறது என்பதையும் மறக்காதீர்கள். இரண்டு பாதியிலும் உள்ளது ஒரே ஆள்தானா என்று கேட்டுக்கொண்டே போனால் அந்த நாவல் ஒன்றுக்கு இரண்டாகத் திறக்கும்.

ஜெயமோகனின் 'பின்தொடரும் நிழலின் குரல்' (1999) இன்னும் கனமானது. கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்ட வீரபத்ரபிள்ளை என்பவரின் எழுத்துகள் அதே கட்சியில் இருக்கும் அருணாசலத்தின் கைக்கு வருகின்றன. சிறுகதை, நாடகம், கடிதம் என்று பல வடிவங்களில் அவை நாவலுக்குள்ளேயே கிடக்கின்றன. 'கதை எங்கே போகிறது என்று பார்ப்போம், இந்த நாடகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று தாவத் தோன்றும். தாவாதீர்கள். அருணாசலம் அந்தத் தாள்களை வாசித்துத்தான் மாறுகிறார், அவர் வாசித்ததை நீங்கள் வாசிக்காவிட்டால் அவருக்கு என்ன ஆகிறது என்றே புரியாது.

அடிக்குறிப்பும் உரையும்

இங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். காரணம் எளிது: எண் வந்த இடத்தில் எல்லாம் கீழே இறங்கி, திரும்பி வந்து, வாக்கியத்தை மறுபடி முதலிலிருந்து வாசித்து, நாலு பக்கத்துக்குள் களைத்துவிடுவார்கள். இப்படிச் செய்யுங்கள். குறிப்பு நாலைந்து வரிக்குள் இருந்தால் அந்தப் பத்தியை முடித்துவிட்டு வாசியுங்கள். அரைப் பக்கத்துக்கு மேல் என்றால் அந்தப் பகுதி முடிந்து மூச்சு விட இடம் கிடைக்கும்போது வாசியுங்கள். எண் வந்த கணத்திலேயே போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. விதிவிலக்கு ஒன்றுதான், 'இப்போது அங்கே போய் வா' என்று புத்தகமே சொன்னால் போய்விட வேண்டும்.

மார்க் இசட். டேனியலெவ்ஸ்கியின் 'ஹவுஸ் ஆஃப் லீவ்ஸ்' (2000) அப்படிச் சொல்லும். ஸம்பானோ என்ற முதியவர் விசித்திரமான ஒரு வீட்டைக் காட்டும் ஆவணப்படத்தைப் பற்றி ஆய்வு எழுதி வைத்துவிட்டு இறந்துபோகிறார், ஜானி ட்ரூயன்ட் என்ற இளைஞன் அந்தத் தாள்களைக் கண்டெடுத்து அடிக்குறிப்பில் தன் கதையைச் சொல்ல ஆரம்பிக்கிறான், அதற்கும் மேலே பதிப்பாசிரியர்கள் குறிப்பு எழுதுகிறார்கள். யார் பேசுகிறார் என்பதை எழுத்துருவை வைத்தே கண்டுகொள்ளலாம், அதனால் முதல் முப்பது பக்கத்திலேயே எந்த எழுத்து யாருடையது என்று மனதில் பதித்துவிடுங்கள். ஓரிடத்தில் பதிப்பாசிரியர்கள், பின்னிணைப்பில் ஜானியின் தாய் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன, அவனைப் புரிந்துகொள்ள அவை உதவும் என்று காட்டிவிடுவார்கள். அங்கேயே போய் அந்தக் கடிதங்களை முடித்துவிட்டு வாருங்கள். வீடு என்று பொருள்படும் சொல் வரும்போதெல்லாம் நீல நிறத்தில் அச்சாகியிருப்பதைப் பார்த்து உடனே விளக்கம் தேட வேண்டாம், கண் அதற்குப் பழகட்டும். ஒன்பதாம் அத்தியாயத்தில் குறிப்புகள் பெட்டிக்குள்ளும் தலைகீழாகவும் புகுந்து வழி தவறும், அந்த வீட்டுக்குள் இருக்கிறவர்களும் அப்போது வழி தவறித்தான் நிற்கிறார்கள். அங்கே அடுக்கப்பட்டிருக்கும் நீண்ட பெயர்ப் பட்டியல்களை முழுக்க வாசிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அடிக்குறிப்பில் மேற்கோள் காட்டும் புத்தகங்களில் பெரும்பகுதி இல்லாத புத்தகங்கள், தேடி நேரத்தைத் தொலைக்காதீர்கள்.

'பேல் ஃபயர்' (1962) விஷயத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு சாதகம் இருக்கிறது. மூலம், அதற்கு உரை, உரையாசிரியர் மூலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போவது, இதெல்லாம் குறளுக்கு நாலு உரை பார்த்தவர்களுக்குப் பழக்கமான காட்சிதான். ஜான் ஷேட் என்ற கவிஞர் எழுதிய 999 வரிக் கவிதை, அதற்கு கின்போட் எழுதிய முன்னுரை, மிக நீண்ட உரை, சொல்லடைவு, நாவல் அவ்வளவுதான். ஷேடின் கவிதையில் நடுநாயகமாக இருப்பது அவருடைய மகளின் சாவு. கின்போட்டின் உரையோ ஸெம்ப்ளா என்ற தூர தேசத்திலிருந்து தப்பியோடிய அரசனைப் பற்றியே பேசும். முதலில் குறிப்புகளை வாசியுங்கள், பிறகு கவிதை, பிறகு மறுபடி குறிப்பு, முடிந்தால் இரண்டு பிரதி வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கின்போட் முன்னுரையிலேயே யோசனை சொல்வார். கேட்காதீர்கள், கவிதையை அவர் கண்ணால் நாம் பார்ப்பதில் அவருக்கு ஆதாயம் இருக்கிறது. முன்னுரை, அப்புறம் கவிதையை ஒரே மூச்சில் அதுவும் முடிந்தால் வாய்விட்டு, அதற்குப் பிறகு உரை என்று போங்கள். கவிதை உங்களுக்குச் சொந்தமான பிறகு உரைக்குள் நுழைந்தால் எங்கே இவர் புகுந்து விளையாடுகிறார் என்பது தானாகத் தெரியும், சிரிப்பும் வரும். சொல்லடைவை விட்டுவிடாதீர்கள், அதுவும் கின்போட் தயாரித்ததுதான், யாருக்கு எத்தனை வரி ஒதுக்கியிருக்கிறார் என்று பாருங்கள்.

டேவிட் ஃபாஸ்டர் வாலஸின் 'இன்ஃபினிட் ஜெஸ்ட்' (1996) ஆயிரம் பக்கத்தைத் தாண்டும், கடைசியில் 388 குறிப்புகள். சில ஒற்றை வரி, சில தனி அத்தியாயம் அளவு, கதைக்கு வேண்டிய விஷயமே சில நேரம் அங்கேதான் ஒளிந்திருக்கும். இரண்டு புக்மார்க் வைத்துக்கொள்ளுங்கள், முதல் புத்தகமாக மட்டும் இதை எடுக்காதீர்கள்.

'எஸ்.' நாவலின் ஓரக் குறிப்புகளுக்கு வேறு வழி. நூலகத்தில் வேலை பார்க்கும் மாணவி ஜென், ஆய்வாளன் எரிக், இருவரும் ஒரே பிரதியை மாறி மாறி வைத்துவிட்டுப் போய்ப் பேசிக்கொள்கிறார்கள். பென்சிலில் இருப்பவை எரிக் பழைய காலத்தில் எழுதியவை. பிறகு நீலமும் கறுப்பும், அதன் பிறகு ஆரஞ்சும் பச்சையும், அதன் பிறகு ஊதாவும் சிவப்பும், கடைசியில் இருவருமே கறுப்பு. மையின் நிறம்தான் காலம். முதல் பக்கத்திலேயே கடைசிக் காலத்துக் குறிப்பும் இருக்கும் என்பதால் குழம்பும். ஒவ்வொரு அத்தியாயத்திலும் அச்சிட்ட கதையை முதலில் முடித்துவிட்டு, பிறகு ஓரங்களுக்கு வாருங்கள், முதல் சுற்றில் பென்சில், நீலம், கறுப்பு மட்டும். மற்ற நிறங்களை இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொண்டால் அவர்களுக்கிடையில் என்ன வளர்கிறது என்பது வரிசையாகக் கிடைக்கும்.

வரிசை உங்கள் கையில்

ஹூலியோ கொர்த்தஸாரின் 'ரயுவேலா' (1963), ஆங்கிலத்தில் 'ஹாப்ஸ்காட்ச்', 155 அத்தியாயம். தொடக்கத்திலேயே ஓர் அட்டவணை தந்து இரண்டு வழி சொல்கிறார். ஒன்று, 1 முதல் 56 வரை நேராக வாசித்துவிட்டு மனசாட்சி உறுத்தாமல் மீதியை விட்டுவிடலாம். இன்னொன்று, 73இல் தொடங்கி ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் போட்டிருக்கும் எண்ணுக்குத் தாவித் தாவிப் போகலாம். இந்த இரண்டாம் வழியில் 55ஆம் அத்தியாயம் வரவே வராது, முடிவில் 131க்கும் 58க்கும் இடையே சுற்றிக்கொண்டே இருக்கும், அங்கே எப்போது நிறுத்துவது என்பது உங்கள் பாடு. புதியவர்கள் முதல் வழியில் போங்கள் என்றுதான் சொல்வேன். ஆட்களும் ஊரும் மனதில் நின்ற பிறகு தாவினால் சுகம், அதற்கு முன் தாவினால் வெறும் களைப்பு. தாவி வாசிக்கும்போது இன்னும் எவ்வளவு பாக்கி என்று பக்கத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, அது சிலரை ரொம்பவே படுத்தும். அட்டவணையில் முடித்த எண்ணைப் பென்சிலால் அடித்துக்கொண்டே போனால் அந்தத் தவிப்பு குறையும்.

பி. எஸ். ஜான்சனின் 'தி அன்ஃபார்ச்சுனேட்ஸ்' (1969) பெட்டிக்குள் 27 தனித்தனிப் பகுதிகளாக வந்தது. முதலும் கடைசியும் குறிக்கப்பட்டிருக்கும், நடுவில் உள்ள 25ஐ எப்படி வேண்டுமானாலும் கலைத்துக்கொள்ளலாம். கால்பந்து ஆட்டம் பற்றிச் செய்தி எழுத ஒரு நகரத்துக்குப் போனவருக்கு, புற்றுநோயில் இறந்த நண்பனின் நினைவுகள் அங்கே வரிசையில்லாமல் வருகின்றன. நிஜமாகவே கலைத்துவிட்டு வாசியுங்கள், 'சரியான வரிசை' என்று ஒன்றைக் கண்டுபிடிக்க முயல வேண்டாம், அப்படி ஒன்று இல்லை.

மிலோராத் பாவிச்சின் 'கஸார்களின் அகராதி' (1984) சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று மூன்று அகராதி: கிறிஸ்தவம், இஸ்லாம், யூதம். கஸார்கள் என்ற பழைய இனத்தார் எந்த மதத்துக்கு மாறினார்கள் என்பதில் மூன்றும் மூன்று கதை சொல்லும். அகராதியை யாரும் முதல் பக்கத்திலிருந்து வாசிப்பதில்லை, இதையும் அப்படி வாசிக்க வேண்டாம். இளவரசி அதேஹ் போல மூன்று நிறத்திலும் வரும் தலைச்சொல் ஒன்றை எடுத்து, மூன்றையும் அடுத்தடுத்து வாசித்துவிட்டு, எந்த இடத்தில் அவை முரண்படுகின்றனவோ அங்கிருந்து அடுத்த சொல்லுக்குப் போங்கள். இந்தப் புத்தகம் ஆண் பிரதி, பெண் பிரதி என்று இரண்டாக வெளியானது, வேறுபாடு ஒரே ஒரு பத்தி. ஆலி ஸ்மித்தின் 'ஹவ் டு பி போத்' (2014) நாவலும் இரண்டு பாதிகளின் வரிசை மாறி இருவிதமாக அச்சானது. நண்பரோடு சண்டை போடும் முன் அவர் கையில் இருப்பது எந்தப் பிரதி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பக்கத்தையே படமாக்கும் நாவல்களுக்குச் சொல்ல அதிகமில்லை. ஜெனிஃபர் ஈகனின் 'எ விசிட் ஃப்ரம் தி கூன் ஸ்குவாட்' (2010) நாவலில் ஒரு நீண்ட அத்தியாயம் முழுக்க பவர்பாயிண்ட் ஸ்லைடுகள். வாசிக்கும் வேகத்தைக் குறைத்து ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் பாருங்கள், அப்புறம் வாசியுங்கள், அம்புக்குறி எங்கே போகிறது என்று கவனித்தால் போதும்.

பக்கத்தில் ஒரு தாள்

நோட்டுப் புத்தகம் முழுக்கக் குறிப்பெடுக்க ஆரம்பித்தால் பரீட்சைக்குப் படிப்பது மாதிரி ஆகிவிடும். ஒரே ஒரு தாள் போதும், புத்தகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். மேலே பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் எந்த வடிவத்தில் பேசுகிறார். அதன் கீழே தேதிகள், பின்னோக்கிப் போகும் இடங்களுக்கு மட்டும் ஓர் அம்பு. கீழ்ப்பாதியில் முரண்பாடுகள்: இவர் அன்றைக்கு மழை என்கிறார், அவர் வெயில் என்கிறார். இந்தக் கீழ்ப்பாதிதான் முக்கியம். வழக்கமான நாவலில் முரண் வந்தால் ஆசிரியரின் கவனக்குறைவு என்று நினைப்போம், இங்கே யாரோ பொய் சொல்கிறார் அல்லது யாருக்கோ தெரியவில்லை.

சிக்கிக்கொண்டால்

இரண்டு வகையில் சிக்குவீர்கள். ஒன்று, என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. கடைசியாகப் புரிந்த தாளுக்குத் திரும்பிப் போய் அதை எழுதியவர் யார் என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள், பத்தில் எட்டு முறை ஆள் மாறியதைக் கவனிக்காமல் விட்டிருப்பீர்கள். இன்னொன்று, புரிகிறது, ஆனால் சலிக்கிறது. இதை மறைக்க வேண்டாம். வடிவ விளையாட்டு என்பதாலேயே ஒரு நாவல் நல்ல நாவல் ஆகிவிடாது, கடிதங்களை எடுத்து நேர்க்கதையாகச் சொன்னாலும் ஒன்றும் குறையாது என்று உங்களுக்குத் தோன்றினால் அந்த ஆசிரியர் வீணாக உங்களை அலைக்கழிக்கிறார் என்று அர்த்தம். நூறு பக்கம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தயங்காமல் மூடிவிடுங்கள்.

இணையத்தில் விளக்கம் தேடுவது தப்பில்லை, நேரம்தான் முக்கியம். 'ஹவுஸ் ஆஃப் லீவ்ஸ்', 'எஸ்.' போன்றவற்றுக்கு ஒவ்வொரு எழுத்தையும் சங்கேதமாகப் பிரித்து மேய்ந்தவர்கள் இருக்கிறார்கள். முதல் வாசிப்பில் அங்கே போனால் புத்தகத்தை அவர்கள் வாசித்துவிடுவார்கள், நீங்கள் வேடிக்கை பார்ப்பீர்கள். பாத்திரப் பட்டியல், கால வரிசை, இந்த இரண்டு மட்டும் இடையில் தேடலாம், அதுவும் பாதி தாண்டிய பிறகு.

எதில் தொடங்கலாம்

தமிழில் என்றால் 'ஜே.ஜே: சில குறிப்புகள்'. ஆங்கிலம் வாசிப்பவர்களுக்கு 'டிராகுலா', கதை இழுத்துக்கொண்டு போவதால் வடிவம் பாரமாகத் தெரியாது. அடுத்து 'லிங்கன் இன் தி பார்டோ', பக்கங்களில் வெற்றிடம் அதிகம், வேகமாக ஓடும். அதன் பிறகு 'பேல் ஃபயர்', என்னைக் கேட்டால் இந்த வகையின் சிகரம் இதுதான், 'எஸ்.' உட்பட வெறும் அலங்காரத்தில் அசத்தும் பலவும் இதற்குப் பக்கத்தில் வர முடியாது. 'ஹவுஸ் ஆஃப் லீவ்ஸ்', 'ரயுவேலா' இரண்டையும் விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள், பேருந்தில் நின்றுகொண்டு வாசிக்கக்கூடிய புத்தகங்கள் இல்லை.

எதை முடித்தாலும் அன்றைக்கே அலமாரியில் வைத்துவிடாதீர்கள். முழுக்க மறுவாசிப்பு செய்யச் சொல்லவில்லை, முதல் பத்துப் பக்கத்தை மட்டும் திரும்ப வாசியுங்கள், முன்னுரை பாத்திரத்துடையது என்றால் அதையும் சேர்த்து. தாள்களைத் தொகுத்து வைத்தவருக்கு அந்தப் பத்துப் பக்கம் எழுதும்போதே முடிவு தெரியும்.